மேட்டில் யார் காத்திருப்பது?



பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கோடியில், பிரிட்டனி வட்டாரத்தில், ரோக் திரெவெசெல் என்று ஒரு குன்று இருக்கிறது. உயரம் 400 மீட்டர்கூட இல்லை. நம் பினாங்குக் கொடிமலை அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஆகஸ்டு மாதத்து இரவுகளில், அந்தக் குன்றின் சாலையில் சிவப்பு விளக்குகள் வரிசை வரிசையாக மேலே ஊர்ந்துகொண்டிருக்கும். அத்தனையும் சைக்கிள்களின் பின்விளக்குகள். ஓட்டுகிறவர்கள் பாரிஸ் பக்கத்திலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து அங்கே வந்திருப்பார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கடலோர நகரமான பிரெஸ்ட். அங்கே அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு, வந்த வழியாகத் திரும்பவும் பாரிஸ் பக்கம் போக வேண்டும். அதே குன்றைத் திரும்பவும் ஏற வேண்டும்.

இதற்குப் பெயர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். தூரம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படும் கால அவகாசம் 90 மணி நேரம். சம்பளம் கிடையாது, பரிசுப் பணம் கிடையாது, முதலாவது இரண்டாவது என்று தரவரிசையும் கிடையாது. 2019-இலும் 2023-இலும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் இதில் கலந்துகொண்டார்கள். பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டு, விடுமுறை எடுத்துக்கொண்டு, சொந்தச் செலவில் போனவர்கள்.

கூட்டமாகப் புறப்படுகிறவர்கள் மேடு வந்ததும் ஏன் பிரிந்துபோகிறார்கள், அப்போது யார் யாருக்காகக் காத்திருப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. இது சைக்கிள்காரர்களின் பிரச்சினை மட்டும்தானா என்று கேட்கலாம். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் மேட்டைப் பற்றி. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பாதையில் ஆல்ப்ஸ் மலை கிடையாது, பிரனீஸ் மலை கிடையாது. கெந்திங் மலையைப்போல் ஒரே மூச்சாக வானத்தைப் பார்த்து ஏறும் சாலை எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் குன்றும் பள்ளமும்தான். ஒரு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு கிலோமீட்டர் இறக்கம், ஒரு சிற்றூர், ஒரு தேவாலயம், மறுபடி ஏற்றம். இப்படியே 1,200 கிலோமீட்டர். ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 11,000 மீட்டரைத் தாண்டும். எவரெஸ்ட் சிகரமே 8,849 மீட்டர்தான். சிங்கப்பூர் நேயர்களுக்கு வேறு விதமாகச் சொல்லலாம். அங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மேடு வேண்டுமென்றால் ஃபேபர் மலைக்குத்தான் போவார்கள். அதன் உயரம் ஏறக்குறைய நூறு மீட்டர். அதைக் கடல்மட்டத்திலிருந்து நூறு தடவை ஏறினால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

பெரிய மலை என்றால் உடம்பும் மனமும் அதற்கென்று ஆயத்தமாகிவிடும். சின்ன மேடுகளின் தொல்லை வேறு மாதிரி. முதல் நாள் அவற்றை யாரும் மதிப்பதில்லை. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே எழுந்து நின்று மிதித்து ஏறிவிடுவார்கள். மூன்றாம் நாள் அதே மேட்டில் முழங்கால் கேள்வி கேட்கும்.

இனி, கூட்டம் ஏன் பிரிகிறது என்று பார்ப்போம். சமதரையில் சைக்கிளுக்கு முதல் எதிரி காற்று. முன்னே போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்று அவர்மேல் மோதும். பின்னால் போகிறவருக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை சிரமம் மிச்சமாகும். அதனால்தான் பத்துப் பேர் மாறி மாறி முன்னே போனால், தனியாகப் போனால் கிடைக்காத வேகம் எல்லாருக்கும் கிடைக்கிறது. பலம் குறைந்தவரும் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டு போய்விடலாம். சமதரையில் கூட்டம் என்பது உண்மையிலேயே ஓர் உதவி.

மேட்டில் அந்த உதவி நின்றுபோகிறது. மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது காற்றின் தடை மிகக் குறைவு. அங்கே எதிரி எடை. 60 கிலோ உள்ளவர் 60 கிலோவைத் தூக்க வேண்டும். 85 கிலோ உள்ளவர் 85 கிலோவைத் தூக்க வேண்டும். முன்னால் யார் போனாலும் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள முடியாது. ஒவ்வொருவருக்கும் மேட்டில் ஒரு சொந்த வேகம் இருக்கிறது. அதைவிட வேகமாகப் போனால் மூச்சு வாங்கி, மேடு முடிவதற்குள் கால் செத்துவிடும். அதைவிட மெதுவாகப் போனாலும் கால் வலிக்கும், சைக்கிளை நேராகப் பிடிப்பதே கடினமாகிவிடும். ஆக, கூட்டத்தைப் பிரிப்பது யாருடைய கெட்ட மனமும் அல்ல.

இந்தக் கேள்விக்காக ஒரு காலத்தில் பெரிய மனஸ்தாபமே நடந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

1897-இல் இத்தாலியில் சிலர் ரோம் நகரிலிருந்து நேப்பிள்ஸ் வரைக்கும், ஏறக்குறைய 230 கிலோமீட்டரை, சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் சைக்கிளில் போய் முடித்தார்கள். அப்படிச் செய்தவர்களை ‘ஆடாக்ஸ்’ என்றார்கள். லத்தீனில் துணிந்தவர் என்று பொருள். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெகிராஞ்ச் 1904-இல் அந்த வழக்கத்தைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அந்த விதி என்ன தெரியுமா? கூட்டமாகவே போக வேண்டும். முன்னால் ஒரு கேப்டன் போவார். அவரை யாரும் முந்தக்கூடாது. பின்தங்கியவரும் வந்து சேரும்படி அவர் வேகத்தை அளந்து ஓட்ட வேண்டும். அந்த முறையில் இன்று வழக்கில் உள்ள வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். மேடானாலும் பள்ளமானாலும் கூட்டம் ஒரே கூட்டம்.

பாரிசில் இதை நடத்திவந்த சங்கம் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். 1921-இல் அந்தச் சங்கத்துக்கும் தெகிராஞ்சுக்கும் பிணக்கு ஏற்பட்டது. ஆடாக்ஸ் முறையில் ஓட்டம் நடத்தும் உரிமையை அவர் அந்தச் சங்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டார். சங்கம் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டிலேயே ‘அவரவர் வேகம்’ என்ற புது முறையைத் தொடங்கியது. குறிப்பிட்ட நேரத்துக்குள் முத்திரை நிலையத்துக்கு வந்தால் போதும். இடையில் யாரோடு வந்தாய், எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கூட்டமாகப் போகும் பழைய முறையை நடத்த வேறொரு சங்கம் உருவானது. 1931-இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பாதையில் தொழில்முறைப் பந்தயத்தோடு சேர்த்து இந்த இரண்டு வகையினரும் ஓட்டினார்கள். ஒரே சாலை, ஒரே மேடுகள், இரண்டு கொள்கைகள். அந்த ஆண்டிலேயே பெண்களும் ஓட்டி முடித்தார்கள். ஒருவர் கணவரோடு இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளில் போனார். அந்தச் சைக்கிளில் காத்திருப்பது, விட்டுப்போவது என்ற பேச்சுக்கே இடமில்லை!

இன்று உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போவது ‘அவரவர் வேகம்’ முறையில்தான். அதற்குத் தகுதி பெறவே ஒரே ஆண்டில் நான்கு ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில், 300-ஐ 20 மணியில், 400-ஐ 27 மணியில், 600-ஐ 40 மணியில். மலேசியாவிலும் இத்தகைய ஓட்டங்கள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர் சங்கங்களும் நடத்துகின்றன. 2019-இல் இந்தியாவிலிருந்து மட்டும் நூற்றுக்கணக்கானோர் பிரான்சுக்குப் போனார்கள். அவர்களில் பலரால் குறித்த நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிரெஸ்ட் போகும் வழியெல்லாம் எதிர்காற்று. இரவில் குளிர் கடுமையாக இறங்கியது. வெயிலிலேயே பழகிய உடம்புக்கு அது பெரிய சோதனை. 2007-இல் மழை இடைவிடாமல் கொட்டியபோது, அந்தச் சீதோஷ்ணத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் கூட்டம் கூட்டமாகப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1,200 கிலோமீட்டரை 90 மணியால் வகுத்தால் மணிக்கு 13 கிலோமீட்டர் சொச்சம். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆனால் அந்த 90 மணிக்குள்தான் சாப்பாடு, குளியலறை, பஞ்சர், முத்திரைக்கு வரிசையில் நிற்பது, தூக்கம் எல்லாம் அடக்கம். போக வரச் சேர்த்து பதினான்கு இடங்களில் நிற்கிறார்கள், ஓரிடத்துக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மூன்று இரவுகளில் தலா மூன்று மணி தூங்கினால் இன்னொரு ஒன்பது மணி. மீதி 72 மணியில் 1,200 கிலோமீட்டர் என்றால், சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும்போது சராசரி 17-ஐத் தொட வேண்டும். பதினோராயிரம் மீட்டர் மேட்டோடு!

இந்தக் கணக்கில் ‘நண்பருக்காகக் காத்திருந்தது’ என்று ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் மேட்டு உச்சியில் மொத்தம் பத்தே நிமிடம். பன்னிரண்டு பத்து, இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி எங்கிருந்து வரும்? சாப்பாட்டைக் குறைக்க முடியாது. வேகத்தைக் கூட்ட முடியாது. தூக்கத்திலிருந்துதான் வரும். காத்திருக்கிறவர் தம் தூக்கத்தை எடுத்து நண்பருக்குக் கொடுக்கிறார். அதுவும் வியர்வையில் நனைந்த சட்டையோடு, குளிரில், உச்சியில் நின்றுகொண்டு.

தூக்கம் என்பது இங்கே விளையாட்டுக் காரியம் அல்ல. 90 மணிப் பிரிவினர் ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒரு தொகுதிக்குச் சுமார் முந்நூறு பேராகப் புறப்படுகிறார்கள். அதாவது முதல் இரவே விழிப்பு. பகல் முழுக்க ஓட்டி, இரண்டாம் இரவில் எங்காவது படுக்கிறார்கள். முத்திரை நிலையங்களில் படுக்கை கிடைக்கும், சொன்ன நேரத்துக்கு எழுப்பியும் விடுவார்கள். அங்கே இடம் இல்லையென்றால் பேருந்து நிறுத்தம், வங்கியின் பணம் எடுக்கும் அறை, சாலையோரப் புல்தரை. கண் திறந்திருக்கும்போதே இல்லாததெல்லாம் தெரியும், மரம் மனிதனாகத் தெரியும் என்று ஓட்டியவர்கள் சொல்வது சாதாரணம். 2011-இல் இந்த ஓட்டத்தின்போது ஒருவர் லாரி மோதி உயிரிழந்தார். சாலை எல்லாருக்கும் திறந்திருக்கிற சாலை. இரவில் லாரியும் வரும்.

1891-இல் நடந்த முதல் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னணியில் இருந்த ஜியெல்-லவால் என்பவர் மூன்றாம் இரவில் தூங்கிக்கொண்டிருந்தபோது சார்ல் தெரோன் அவரைத் தாண்டிப்போனார். 71 மணி 22 நிமிடத்தில் வந்து வென்றார். அது பந்தயம், தூங்குகிறவனைத் தாண்டுவதுதான் அங்கே சாமர்த்தியம். ஆனால் பந்தயமே இல்லாத ஓட்டத்தில், கூட வந்தவர் தூங்கும்போது என்ன செய்வது?

நம் ஊர் உதாரணம் ஒன்று சொன்னால் விளங்கும். கோம்பாக்கிலிருந்து பழைய பெந்தோங் சாலையில் கெந்திங் செம்பாவுக்கு ஞாயிறு காலையில் சைக்கிள்காரர்கள் கும்பலாக ஏறுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் சேர்ந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவர் முப்பது வயதுக்காரர்கள், ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். அடிவாரத்தில் அவர் சொல்வார்: “நீங்க போங்க தம்பி, நான் பின்னால வந்துடறேன்.” தம்பிகளும் போய்விடுவார்கள். உச்சியில் நின்று தண்ணீர் குடிப்பார்கள், படம் எடுப்பார்கள். அண்ணன் வந்து சேர்ந்ததும் எல்லாரும் இறங்கி வந்து ரொட்டி சானாய் சாப்பிடுவார்கள். இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஒரு சிறு குறை மட்டும் உண்டு. அண்ணன் வந்து மூச்சு வாங்குவதற்குள், இவர்கள் ஓய்வெடுத்து முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மூன்று பேர் அவருக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள், உண்மை. ஆனால் நால்வரிலும் ஓய்வே கிடைக்காதவர் அவர்தான்! காத்திருப்பதிலும் இப்படி ஒரு வகை இருக்கிறது.

‘நீங்க போங்க, வந்துடறேன்’ என்ற அதே வார்த்தையை, பிரிட்டனியில், இரண்டாம் இரவு மூன்று மணிக்கு அந்த அண்ணன் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அதற்கு ஒரே பொருள்: ‘என் வேகம் வேறு, எனக்காகச் சிரமப்படாதே.’ இரவு மூன்று மணிக்கு அதற்கு வேறு பொருள் இருக்கலாம். குரல் குழறுகிறதா, சைக்கிள் சாலையில் கோணலாகப் போகிறதா, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியென்றால் அந்த வார்த்தையைச் சொல்வது அவர் அல்ல, அவருடைய களைப்பு. அந்த நேரத்தில் அதை நம்பிப் போய்விடுவது மரியாதை ஆகாது. அவரைச் சாலையை விட்டு இறக்கி, ஓரமாக உட்கார வைத்து, இருபது நிமிடமாவது கண்ணை மூடச் செய்ய வேண்டும். கடிகாரம் ஓடட்டும்.

வெறும் மேடு என்றால் அவரவர் வேகம்தான் நியாயம். மெதுவாக ஏறுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். தமக்காக மூன்று பேர் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஊர்ந்து வருவது அவருக்குத்தான் பெரிய பாரம். அவர்களுக்குச் சங்கடம் தரக்கூடாதே என்று தம் சக்திக்கு மீறி மிதிப்பார். இரண்டு மேட்டில் காலி ஆகிவிடுவார். 1921-இல் கேப்டன் முறையை விட்டு வெளியே வந்தவர்களின் வழி, பலம் உள்ளவனுக்கு மட்டும் சாதகமானது என்று நினைப்பது தவறு. மெதுவானவருக்கும் அது விடுதலை. ஆனால் தூக்கம், குளிர், காயம், விளக்கு அணைந்துபோவது, இவை வந்தால் பேச்சு வேறு. அங்கே பழைய கேப்டன் விதிதான் சரி.

சிக்கல் என்னவென்றால், இதைப் பெரும்பாலோர் முன்கூட்டியே பேசிக்கொள்வதில்லை. ஒன்றாகப் பயிற்சி செய்து, ஒன்றாக விமானம் ஏறி, ஒரே மாதிரி சட்டை தைத்துக்கொண்டு போகிறார்கள். ‘முடிந்தவரை ஒன்றாகவே போவோம்’ என்று பொதுவாக ஒரு வார்த்தை. ‘முடிந்தவரை’ என்பது எதுவரை? ஒருவர் நினைப்பது கடைசிவரை என்று. இன்னொருவர் நினைப்பது முதல் பெரிய மேடுவரை என்று. இரண்டு பேரும் மற்றவர் வார்த்தை தவறிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். சைக்கிள் ஓட்டத்தால் முழங்கால் கெட்டவர்களைவிட நட்பு கெட்டவர்கள் அதிகமோ என்றுகூடத் தோன்றுகிறது. புறப்படுவதற்கு முன்பு, தேநீர்க் கடையில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. எந்த முத்திரை நிலையத்தில் சந்திப்பது, எத்தனை நிமிடம் பார்ப்பது, அதற்குமேல் வரவில்லையென்றால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது. வீட்டில் இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்கூட அதைச் சொல்லிவைப்பது நல்லது. கூடப் போனவர் பிரெஸ்ட் தாண்டிவிட்டார், நம்மவர் எங்கே என்று இங்கே அவர்கள் பயந்துகொண்டிருப்பார்கள்.

தனியாகிவிட்டவர் முற்றிலும் தனியாகவும் இல்லை என்பதுதான் அந்தப் பாதையின் அழகு. சொந்தக்காரர்கள் வண்டியில் பின்தொடர்ந்து வந்து உதவக்கூடாது. முத்திரை நிலையங்களில் மட்டுமே உதவலாம் என்பது விதி. ஆனால் வழியில் உள்ள ஊர் மக்களை எந்த விதியும் தடுக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் மேசை போட்டு, தண்ணீர், காப்பி, ரொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தைப்பூசத்துக்கு நம்மவர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலேதான்! யார் என்று கேட்பதில்லை, காசு வாங்குவதில்லை. வில்லேன்-லா-ஜுவெல் என்ற சிறு நகரத்தில் இது ஊர்த் திருவிழாவாகவே நடக்கும். கடைசியாக வருகிறவருக்கும் கைத்தட்டு உண்டு. லா தானியேர் என்ற இடத்தில் ஒரு குடும்பம், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பலகாரம் சுட்டுக் கொடுக்கும். பதிலுக்கு அவர்கள் கேட்பது, ஊர் போய்ச் சேர்ந்ததும் ஓர் அஞ்சலட்டை. கூட்டத்தை விட்டுப் பின்தங்கி, மனம் உடைந்து வருகிறவர், அந்த மேசையில் ஒரு கோப்பைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, அதே மாதிரி பின்தங்கிய இன்னொருவர் வந்து சேருவார். மொழி தெரியாது. ஆனால் மேட்டு வேகம் ஒன்றாக இருக்கும். அடுத்த இருநூறு கிலோமீட்டருக்கு அவர்கள் இருவரும்தான் கூட்டாளிகள்.

நான்காண்டுக் கணக்குப்படி அடுத்த ஓட்டம் 2027-இல். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் இப்போதே மேடு தேடத் தொடங்கியிருப்பார்கள். அவர்களுக்காகக் கடைசியாக ஒரு செய்தி.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், தொழில்முறைப் பந்தயமாக நடந்தது 1951-இல்தான் கடைசி. அன்று மொரிஸ் தியோ, எடுவார்ட் முல்லர் என்ற இருவர் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு முன்னே வந்துகொண்டிருந்தார்கள். பாரிசுக்கு இன்னும் 22 கிலோமீட்டர். திராப் என்ற ஊரில் முல்லரின் சக்கரம் பஞ்சராகிவிட்டது. தியோ அப்படியே போயிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. பரிசும் பணமும் உள்ள பந்தயம் அது. அவர் காத்திருந்தார். முல்லர் சரிசெய்துகொண்டு வந்ததும் இருவரும் சேர்ந்தே போனார்கள். கடைசியில் கோட்டுக்கு விரைந்தபோது தியோ முந்தி வென்றார். நேரம் 38 மணி 55 நிமிடம் 45 வினாடி. முல்லருக்காக நின்ற நிமிடங்களும் அதற்குள்தான் அடக்கம்.